பதினாறாவது சேனல்

கோமளவல்லி மேடம் முதல் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்ததும் கமடோர் நல்லபெருமாளின் வலது கை தானாக மேலே போய்க் காதுக்குப் பின்னால் இருந்த, காது கேட்கிற மெஷினைத் தொட்டது. தொட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது. கையை இறக்கித் தொடைமேல் வைத்து, இடது கையால் அதன்மேல் ஒரு பூட்டுப் போட்டுக்கொண்டார். அவரைப் பற்றிய அறிமுகம், மொத்தம் மூன்று பக்கம். எழுதிக் கொடுத்ததே அவர்தான். ஓய்வு பெற்ற அதிகாரி ஒவ்வொருவரிடமும் இப்படி ஒன்று கம்ப்யூட்டரில் தயாராகக் கிடக்கும், கூப்பிடுகிறவர்களுக்குத் தட்டிவிட வேண்டியதுதான், அவர்களும் அதை முதல்முறை கண்டுபிடித்தவர்கள் மாதிரி வியந்து வியந்து படிப்பார்கள். மேடையில் ஐந்து நாற்காலி, ஐந்து தண்ணீர் பாட்டில். பின்னால் பேனரில் 'வங்கக் கடலும் நம் வெளியுறவுக் கொள்கையும்', அதன் ஓரத்தில் தொப்பி வைத்த அவருடைய பழைய போட்டோ. தொப்பி இல்லாத தலையை எந்தப் பல்கலைக்கழகமும் கருத்தரங்குக்குக் கூப்பிடுவதில்லை. "முப்பத்து நான்கு ஆண்டுகள் கடற்படையில் பணியாற்றிய நமது சிறப்பு விருந்தினர்" என்று மேடம் நிறுத்தி நிதானமாகப் படித்தார், கீழே நூற்றைம்பது மாணவர்களில் பாதிப் பேர் மேஜைக்கடியில் போனைப் பார்த்தார்கள், முன்வரிசையில் இடமிருந்து இரண்டாவது நாற்காலியில் அந்த அம்மாள் மட்டும் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரகாசி. நிகழ்ச்சி நிரலில் அவர் பேச்சுக்கு அடுத்த பேச்சு அவளுடையது, 'மீனவர் தரப்பு' என்று போட்டிருந்தார்கள். நீலப் புடவை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. பார்க்காமல் இருக்கப் பார்த்தார். எக்ஸிட் என்று சிவப்பில் எரிந்த போர்டைப் பார்த்தார், மேடத்தின் செருப்பைப் பார்த்தார், கண் சுற்றிச் சுற்றி நீலப் புடவையில் வந்து நின்றது.

அரை மணி நேரம் முன்னால், காபி சமயத்தில், அவளாகத்தான் வந்து பேசினாள். அவர் கையில் பாதி தின்ற வடை. "சார், நீங்க நேவியில கப்பல் ஓட்டுனவங்கன்னு சொன்னாங்க. ஒண்ணு கேக்கலாமா?" "கேளுங்கம்மா." "போட்டுல இருந்து வயர்லெஸ்ல கூப்பிட்டா எம்புட்டு தூரம் சார் கேக்கும்?" இதைப் போலச் சுலபமான கேள்வி அவருக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. இருபது கிலோமீட்டர் தாராளமாகக் கேட்கும், பெரிய கப்பலென்றால் ஆன்டெனா உயரத்தில் இருக்கும், முப்பதுகூட எட்டும், பதினாறாவது சேனல் என்று ஒன்று உண்டு, ஆபத்தில் கூப்பிடுவதற்கென்றே உள்ளது, உலகத்தில் ஓடுகிற எல்லாக் கப்பலும் அதை இரவும் பகலும் திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அது சட்டம் என்று வகுப்பெடுத்தார். சட்டம் என்றபோது விரலைக்கூட உயர்த்தினார். அவள் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "எங்க அண்ணன் கடலுக்குப் போயி வரல சார். பதினஞ்சு வருசமாச்சு. போட்டும் வரல, ஆளும் வரல. கடைசியில அவன் கூப்பிட்டிருப்பானா சார், மாட்டானா? அது தெரிஞ்சாப் போதும். கூப்பிட நேரமே இல்லாம பொசுக்குனு போயிருந்தா அது வேற. கூப்பிட்டுக் கூப்பிட்டு யாரும் வராமப் போயிருந்தா அது வேற. எங்க அம்மா சாகுற வரைக்கும் இதையேதான் கேட்டுக்கிட்டு இருந்துச்சு, இப்ப நான் கேக்குறேன்" என்றாள். அழவில்லை, குரல்கூட மாறவில்லை. கேட்டுப் பழகிய கேள்வி. அவர் வாய், அதிகாரியின் வாய், விவரம் கேட்டே பழகிய வாய், "எந்த மாசம்?" என்றது. "மாசி. சாம்பல் புதனுக்கு முந்தின நாள் காலையில." அதற்குள் யாரோ குரூப் போட்டோவுக்கு வாருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். போட்டோவில் அவர் சிரித்திருப்பார். போட்டின் பெயர் என்ன என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், இரண்டு வார்த்தை, நேரம் இருந்தது. வடையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவப் போனார்.

மாசி மாதத்தில் எத்தனையோ நாள் இருக்கிறது. அவள் வேறு ஏதாவது நாளைச் சொல்லியிருக்கலாம். பதினைந்து வருடம் முன்னால் ஏதோ ஒரு மாசி என்று சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார், தேதிகள் ஒன்றோடொன்று கலந்து போய்விட்டன என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள இடமிருந்திருக்கும், கோவில்பட்டிக்காரனுக்குச் சாம்பல் புதன் எங்கே தெரியும். ஆனால் தெரிந்திருந்தது. அந்த வருடம் அவருடைய கப்பல் அண்டை நாட்டுத் துறைமுகம் ஒன்றில் கட்டிய மறுநாள் காலை, மூன்று மாலுமிகள் மாதா கோவிலுக்குப் போய் வர அனுமதி வாங்கிக்கொண்டு போனார்கள், திரும்பி வந்து சல்யூட் அடித்தபோது ஒருவன் நெற்றியில், வெள்ளைத் தொப்பிக்குக் கீழே, கறுப்பாக ஒரு தீற்றல். "என்னய்யா அது, கிரீஸா? துடைச்சுக்கிட்டு வா" என்றார். "இல்ல சார், இன்னைக்குச் சாம்பல் புதன். நீ மண்ணா இருக்கிற, மண்ணுக்குத் திரும்புவன்னு சொல்லி சாமியார் பூசுவாரு." அவர் ஏன் அதற்குமேல் துடைக்கச் சொல்லவில்லை என்று அந்தப் பையன் அறிய மாட்டான். முந்தின நாள் காலை என்றால் அந்தக் காலைதான், வேறு எந்தக் காலையும் இல்லை. ஆறு இருபது. வெளிச்சம் வந்துவிட்டது, அடிவானம் தெளிவாகத் தெரிந்தது, வாடைக்காற்று கொஞ்சம் தூக்கல், கப்பலில் அது தெரியாது, சின்ன போட்டில் இருப்பவனுக்குத்தான் தெரியும். எட்டு மணிக்குத் துறைமுக வாயிலில் இருபத்தோரு மரியாதைக் குண்டு போட வேண்டும். ஒன்பதுக்குக் கட்ட வேண்டும். அமைச்சர் வருகிறார், நம் தூதர் வருகிறார், பேண்டு வருகிறது. ஏழு வருடமாக இரண்டு நாட்டுக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை, அதற்குப் பிறகு முதல் போர்க்கப்பல், அதற்கு அவர் கேப்டன். விடியும் முன்பே எல்லோருக்கும் வெள்ளை உடுப்பு மாட்டியாயிற்று, தமிழ்ப் பையன்கள் உட்பட எல்லோரும் கீழே தளத்தில் ஓரமாக வரிசை கட்டி ஒத்திகை. மேலே, கப்பலை ஓட்டுகிற அறையில், அவர், வழி பார்க்கிற லெப்டினன்ட் டோக்ரா, சுக்கான் பிடித்த பீகார்க்காரன், சிக்னல் பார்த்த ஒடியாக்காரன். நான்கு பேர். அப்போதுதான் சுவரில் இருந்த ஸ்பீக்கரில், பதினாறாவது சேனலில், கொரகொரவென்று ஒரு தமிழ்க்குரல் வந்தது.

"யாராச்சும் இருக்கீங்களா. வியாகுல மாதா போட்டு பேசுறேன். தண்ணி ஏறிருச்சு, பம்பு எடுக்கல. நாலு பேரு இருக்கோம்." கொஞ்ச நேரம் இரைச்சல். திரும்பவும், "நாலு பேரு இருக்கோம், யாராச்சும் இருக்கீங்களா." டோக்ரா தலையைத் தூக்கினான். ஜம்முப் பக்கத்துப் பையன், இருபத்தாறு வயது, கெட்டிக்காரன். "என்ன சொல்றான் சார் அவன்? குரல் ஒரு மாதிரி இருக்கே" என்று இங்கிலீஷில் கேட்டான். அந்த அறையில் அந்தக் குரல் என்ன சொன்னதென்று தெரிந்த ஒரே ஆள் நல்லபெருமாள். எத்தனை விநாடி யோசித்தார்? இத்தனை வருடத்தில் அதை எத்தனையோ தரம் அளந்து பார்த்துவிட்டார், மூன்று விநாடிக்குமேல் இருக்காது. ரேடாரில் பதினோரு மைல் வடகிழக்கே போட்டுக் கூட்டம், ஈசல் மாதிரி நாற்பது புள்ளி. எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம். அடுத்தவன் கடலில் வலை போட்டிருக்கிற நம் ஆட்கள். மரியாதைக்கு வருகிற கப்பல் அங்கே போய் நின்றால் நாளைக்கு இரண்டு தலைநகரத்திலும் என்ன பேச்சு வரும், போய்த் திரும்ப ஒரு மணி நேரம் போதாது, எட்டு மணி எட்டு மணியாக இருக்காது, அமைச்சர் வெயிலில் நிற்பார். நாற்பது போட்டு இருக்கிறதே, யாராவது ஒருத்தன் போகாமலா இருப்பான். யாராவது போவான். இதெல்லாம் மூன்று விநாடிக்குள். பிறகு அவர் சொன்னார், "ஒன்றுமில்லை, மீனவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். வலைப் பேச்சு." சொல்லிவிட்டு எட்டி, கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் கொண்டு, ஸ்பீக்கரின் குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைத்தார். அணைக்கவில்லை. அணைப்பது சட்ட விரோதம். குறைத்தார், அவ்வளவுதான். டோக்ரா நோட்டில் நேரத்தைப் போட்டு, 'மீனவர் பேச்சு' என்று எழுதினான். தமிழ் தெரிந்த கேப்டன் சொன்னால் அதற்குமேல் என்ன. அந்த டோக்ரா இப்போது ஒரு கப்பலுக்குக் கேப்டன், ஒவ்வொரு புத்தாண்டுக்கும் வாழ்த்து அனுப்புகிறான், உங்களிடம்தான் சார் வேலை கற்றேன் என்று.

"அந்த நட்புறவுப் பயணம் இரு நாட்டு உறவில் ஒரு புதிய அத்தியாயத்தைத் தொடங்கி வைத்தது" என்று மேடம் இரண்டாம் பக்கத்துக்கு வந்திருந்தார். அந்த வரியையும் அவர்தான் எழுதினார். தொடங்கித்தான் வைத்தது, பொய்யில்லை. எட்டு மணிக்கு, ஒரு விநாடி பிசகாமல், முதல் குண்டு. குண்டு என்றால் உள்ளே ஒன்றுமில்லாத வெறும் வெடிதான், சத்தமும் புகையும். ஐந்து விநாடிக்கு ஒன்று. இருபத்தொன்று முடிந்ததும் கரையிலிருந்து அவர்கள் இருபத்தொன்று. ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவில் இருக்கிற அந்த ஐந்து விநாடி இருக்கிறதே, அதில்தான் முதல்முறை கேட்டது, நாலு பேரு இருக்கோம். நாற்பத்திரண்டு வெடிக்கு நடுவில் எத்தனை இடைவெளியோ அத்தனை தரம். அன்று மாலை கப்பல் தளத்தில் விருந்து, சரம் சரமாக விளக்கு, கப்பல் வடிவத்தில் கேக்கு, அமைச்சர் அவர் தோளில் கை போட்டு, நீங்கள் கடிகாரம் மாதிரி வந்தீர்கள் கேப்டன் என்றார். எட்டு மாதத்தில் அவரை அதே நாட்டுக்குத் தூதரகத்தில் கடற்படை ஆலோசகராகப் போட்டார்கள். மூன்று வருடம். பிறகு டெல்லியில் அமைச்சகத்தில் மேஜை. 'கடலில் இடர்ப்படும் மீனவரை மனிதாபிமானத்தோடு நடத்துதல்' என்று இரண்டு நாடும் ஒரு உடன்படிக்கை போட்டன, அதன் வரைவில் முக்கால்வாசி அவர் கைப்பட எழுதியது, 'இடர் அழைப்பைக் கேட்கும் எந்தக் கலமும்' என்று ஆரம்பிக்கிற பத்தியைப் பதினோரு தரம் திருத்தி எழுதினார். எதற்கு இத்தனை அக்கறை என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். அவருக்கு வெட்கமாக இருந்தது. இன்னும் இருக்கிறது. அந்த உடன்படிக்கையால் நாலு பேரோ நானூறு பேரோ பிழைத்திருக்கலாம், அதையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டார், தேறவில்லை.

பீரங்கிச் சத்தத்தில் காது போயிற்று என்று டாக்டர் சொல்லி மெஷின் எழுதிக் கொடுத்தார். அதில் பின்புறம் சின்னதாக ஒரு சக்கரம், கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் வைத்துத் திருப்பினால் சத்தம் கூடும், குறையும். எவன் கண்டுபிடித்தானோ. மனைவி வத்சலா முதலில் சிரித்தாள், பிறகு அலுத்துக்கொண்டாள். "டிவியைக் குறைக்கிறீங்க, ரேடியோவைக் குறைக்கிறீங்க, குக்கர் விசில் வந்தா எழுந்து மொட்டை மாடிக்குப் போறீங்க. அப்புறம் நான் பேசுறப்ப காதையே குறைச்சு வச்சுக்கிறீங்க. என்னத்தைத்தான் கேக்கணும் உங்களுக்கு?" முப்பது வருடம் கூட வாழ்ந்தவளிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்த நாட்கள் உண்டு. போன வருடம் அவள் பிறந்த நாளுக்கு அடையாறில் ஒரு ஹோட்டலுக்குப் போனார்கள், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், வாசலில் ஒரு குடும்பம் சர்வரைப் பார்த்து, "நாலு பேரு இருக்கோம்" என்றது. அப்பா, அம்மா, இரண்டு பெண் பிள்ளைகள், சின்னவள் கையில் பலூன். அவர் தோசையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து பிளாட்பாரத்தில் நின்றார். வத்சலா பின்னாலேயே வந்து சுகர் குறைந்துவிட்டதா என்று கையைப் பிடித்துப் பார்த்தாள். ஆமாம் என்றார். அதுவும் பொய். ஒரு பொய் சொன்னவனுக்கு அடுத்த பொய்கள் எவ்வளவு சுலபமாக வருகின்றன என்பதுதான் அவருக்குப் பயமாக இருக்கும். கனவில் அந்தப் போட்டு வருவதில்லை. அதுதான் விசித்திரம். முகம் தெரியாது, போட்டின் நிறம் தெரியாது, அவர் பார்த்ததே இல்லையே, ரேடாரில் ஒரு புள்ளிதான், அதுவும் நாற்பதில் எதுவென்று தெரியாது. அதனால் பகலில்தான் வருவார்கள், குரலாக மட்டும்.

மூன்றாவது பக்கம். மேடம் தண்ணீர் குடித்தார். இன்னும் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். என்ன செய்யலாம் என்று அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கொண்டு வந்த பேச்சைப் பேசலாம், முப்பத்திரண்டு ஸ்லைடு, கடல் வழிகள், துறைமுகங்கள், எவன் எங்கே தளம் போடுகிறான், கைதட்டு வரும், சால்வை வரும், அவள் பேச்சு ஆரம்பிக்கும் முன்னால் விமானம் இருக்கிறது என்று கிளம்பலாம். இதே ஊரில், பெசன்ட் நகரில் வீடு வைத்துக்கொண்டு என்ன விமானம். அல்லது, கூட்டம் முடிந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, கூப்பிட நேரமே இருந்திருக்காதும்மா, பொசுக்கென்று போயிருக்கும், வலி தெரிந்திருக்காது என்று சொல்லலாம். அதிகாரி சொன்னால் நம்புவாள். நிம்மதியாகத் தூங்குவாள். இதுவும் மூன்று விநாடியில் வந்துவிட்ட யோசனை, அதைக் கண்டு அவருக்கே உடம்பு கூசியது. அதே குமிழ், அதே விரல். சரி, ஒருவேளை அவள் அண்ணனுடையது வேறு போட்டாக இருந்தால்? அந்தக் கடலில் அன்றைக்கு நாற்பது போட்டு. அந்தோனியார், சந்தியாகப்பர், ஆரோக்கிய மாதா, எத்தனை பெயர் இல்லை. வேறு பெயரைச் சொல்லிவிட்டால் அவர் அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை, அவள் கேள்விக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆண்டவனே, வேறு பெயராக இருக்கட்டும் என்று ஒரு மனது கெஞ்சியது. இந்த மூன்று பக்கம் முடியாமல் சாயங்காலம் வரை மேடம் படித்துக்கொண்டே இருக்கட்டும் என்று இன்னொரு மனது. "கடலையும் மனிதாபிமானத்தையும் இணைத்த பெருந்தகையை உரையாற்ற அழைக்கிறேன்" என்றார் மேடம், பெருந்தகை மட்டும் மேடத்தின் சொந்தச் சேர்க்கை. கைதட்டினார்கள்.

எழுந்து போய் மைக் முன்னால் நின்றார். திரையில் முதல் ஸ்லைடு வந்தது. ஸ்லைடை மாற்றுகிற கிளிக்கர் கையில் இருந்தது, அழுத்தவில்லை. "பிரகாசிம்மா" என்றார். ஹாலில் போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். "காபி குடிக்கிறப்ப நீங்க ஒண்ணு கேட்டீங்க. உங்க அண்ணன் போட்டு பேரு என்ன?" அவள் பையைப் பிடித்தபடி எழுந்தாள். யாரோ ஒரு மாணவி ஓடிப்போய் அவளிடம் மைக்கைக் கொடுத்தாள். "அந்தோனியார் போட்டு சார்."

அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். அந்தோனியார். வியாகுல மாதா இல்லை. தொண்டைக்குள் இருந்து ஒரு மூச்சு, பதினைந்து வருடமாக உள்ளே இருந்தது, வெளியே வந்தது. கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது, அவள் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும் போல் இருந்தது. அப்படியே அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடலாம். கட்டை விரல் கிளிக்கரின் மேல் போனது. அவள் இன்னும் உட்காரவில்லை. "அவன் போட்டுக்கு மொதல்ல ஒண்ணும் ஆகல சார்" என்றாள். "வியாகுல மாதான்னு எங்க சித்தப்பா மகன் போட்டு. அது மூழ்குதுன்னு வயர்லெஸ்ல கத்துனாங்களாம். நேவிக் கப்பல் போறது தெரியுது, அவுக பாத்துக்குவாகன்னு மத்த போட்டெல்லாம் வலையை வாங்கிக்கிட்டு நின்னுருச்சு. எங்க அண்ணந்தான் வலையை அறுத்துவிட்டுட்டுத் தூக்கப் போனான். காத்து ஏறிருச்சு. ரெண்டும் வரல, எட்டுப் பேரு. அவன் குரல் கேட்டுச்சுன்னும் சொல்றாக, கேக்கலன்னும் சொல்றாக. அவனாச்சும் கூப்பிட்டானான்னு கேக்கத்தான் சார்."

யாராவது ஒருத்தன் போவான் என்று நினைத்தாரே, போயிருக்கிறான். நல்லபெருமாள் கிளிக்கரை மேஜைமேல் வைத்தார். "அந்தக் கப்பல் என்னுதும்மா" என்றார். குரல் சாதாரணமாகத்தான் வந்தது, அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. "வியாகுல மாதா கூப்பிட்டது என் காதுல விழுந்துச்சு. தண்ணி ஏறிருச்சுன்னு சொன்னாங்க, நாலு பேரு இருக்கோம்னு சொன்னாங்க. தமிழ் தெரிஞ்சவன் அங்க நான் ஒருத்தன்தான். ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டேன். எட்டு மணிக்கு மரியாதை இருந்துச்சு." மேடத்தின் கை வாய்க்குப் போனது. எங்கோ ஒரு நாற்காலி நகர்ந்தது. பிரகாசி மைக்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "அப்ப எங்க அண்ணன்?" என்றாள். "அவன் கூப்பிட்டானா சார்?"

"தெரியாதும்மா" என்றார். "சத்தத்தைக் குறைச்சு வச்சிருந்தேன்."

கை மறுபடி காதுக்குப் பின்னால் போனது. இந்தத் தடவை அதை அவர் தடுக்கவில்லை. விரல் வைத்துச் சக்கரத்தை மேல் பக்கமாக, போகிற வரைக்கும் திருப்பினார். ஏசியின் இரைச்சல் கேட்டது, பின்வரிசையில் யாரோ பேனாவைக் கீழே போட்டது கேட்டது, அவள் கையில் இருந்த மைக்கில் அவள் மூச்சு விடுவது கேட்டது. அவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.